மல்லாந்து கிடந்தால் பொறுக்காது

கடல் ஆராய்ச்சி நிலையத்தின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். இருபத்தோரு வருஷமாக எல்லோருக்கும் அவள் தொட்டியக்கா. அவளைவிட எட்டு வயது மூத்தவரான இயக்குநருக்குக்கூட அக்காதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, வெளியே சொல்வதில்லை.

நிலையத்தின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கூடம். அதில் பதினோரு சிமெண்டுத் தொட்டிகள். உப்புத் தண்ணீர் வரும் குழாய்கள், காற்று அனுப்பும் மோட்டார், எப்போதும் ஈரமாகவே இருக்கும் தரை, அதில் வழுக்கி விழாமல் நடக்கும் வித்தை, எல்லாம் அவள் பொறுப்பு. தன் காலைவிட இரண்டு அளவு பெரிய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவள் நடந்தால் மாடியில் இருப்பவர்களுக்கும் கேட்கும். பேசினால் தெருமுனைவரை கேட்கும்.

தொட்டிகளில் இருப்பவை குதிரைலாட நண்டுகள். பெயர்தான் நண்டு. நண்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தேளுக்கும் சிலந்திக்கும்தான் பங்காளி. கவிழ்த்துப் போட்ட இரும்புச் சட்டி மாதிரி ஓடு, பின்னால் குச்சி போல ஒரு வால், அடியில் கொத்தாகக் கால்கள், அந்தக் கால்களுக்கு நடுவே வாய். நடந்துகொண்டேதான் மெல்லும். பல கோடி வருஷமாக உருவத்தை அதிகம் மாற்றிக்கொள்ளாத பிராணி என்று அறிவாளிகள் வியக்கிறார்கள். தொட்டியக்காவின் கணவனும் கல்யாணமான நாளிலிருந்து எதையும் மாற்றிக்கொண்டதில்லை. அவரைப் பார்த்து யாரும் வியக்கவில்லை.

இந்தப் பிராணியின் பெருமை அதன் ரத்தத்தில் இருக்கிறது. நம் ரத்தத்தில் இரும்பு, அதன் ரத்தத்தில் செம்பு. அதனால் காற்றுப் பட்டதும் நீலமாகிவிடும். கிருமி வேண்டாம், செத்த கிருமியின் துணுக்கு ஒன்று பட்டாலே போதும், அந்த ரத்தம் உடனே கெட்டியாகி உறைந்துவிடும். ஊசி மருந்து சுத்தமா இல்லையா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை ரொம்ப நாளைக்கு யாரிடமும் இருக்கவில்லை. நாம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறோமே, அந்த ஊசிகளில் பலவும் இந்தச் சட்டி ஓட்டுக்காரர்களிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வருகின்றன.

அதற்காக மருந்துக் கம்பெனிக்காரர்கள் இவற்றைப் பிடித்து, முதுகு மடிகிற இடத்தில் ஊசி போட்டு, உடம்பில் இருக்கும் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, திரும்பக் கடலில் விட்டுவிடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தானம். கொடுத்தவரை யாரும் கேட்கவில்லை.

தொட்டியக்கா இங்கே பெருக்குகிற வேலைக்குத்தான் வந்தாள். வந்த முதல் நாளே நடைபாதையில் ஒரு குதிரைலாட நண்டு மல்லாந்து கிடந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நான்கு படித்தவர்கள் நின்று, எப்படித் தூக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, வால் பிசகிவிடும் என்பதில் நால்வருக்கும் ஒரே கருத்து. அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள், குனிந்தாள், ஓட்டின் இரண்டு பக்கமும் கை கொடுத்து எடுத்துப் புரட்டி, “எங்க வைக்கணும்?” என்று கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே தொட்டிக் கூடத்துச் சாவி அவள் இடுப்புக்கு வந்துவிட்டது.

அன்று தொற்றியதுதான் அந்தப் பழக்கம். மல்லாந்து கிடக்கும் நண்டைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து புரட்டுவாள். புரட்டும்போது திட்டும் உண்டு. “ஏண்டி, நேத்துதானே திருப்பிவிட்டேன்? சுவத்துல ஏறாதேன்னா கேக்கறியா?” பெண் நண்டுகள் உருவத்தில் பெரியவை, அவற்றுக்கு முறை வைத்துப் பெரியம்மா, சித்தி, மதினி என்று கூப்பிடுவாள். ஆண்கள் சின்னவை. பெண்ணின் முதுகைப் பற்றிக்கொண்டு போகிற இடமெல்லாம் கூடவே போவதுதான் அவற்றின் உத்தியோகம். அவற்றை மொத்தமாக மாப்பிள்ளைகள் என்று சொல்லிவிடுவாள்.

போன வருஷம் நிலையத்துக்கு ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்தாள். இருபத்தேழு வயது, கழுத்தில் அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு ஸ்டாப்வாட்ச். தேநீர் ஆறுவதற்கு எத்தனை நிமிஷம் என்பதைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் குடிப்பாள். தொட்டியக்கா அவளைப் பாப்பா என்றாள், அவள் தொட்டியக்காவை அக்கா என்றாள். பத்து நாளில் ஒருத்தி சாப்பாட்டை இன்னொருத்தி சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

பாப்பாவின் கேள்வி எளிமையானது. ரத்தம் கொடுத்த நண்டு கடலுக்குப் போன பிறகு என்ன ஆகிறது? அலை அடித்து மல்லாத்திவிட்டால், வாலை ஊன்றிப் புரண்டு நேராகிக்கொள்கிற தெம்பு அதற்கு இருக்கிறதா? கேள்விக்கு ஓர் அவசரமும் இருந்தது. இப்போது ஒரு நண்டிடம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் ரத்தம் எடுக்கலாம். இரண்டு தடவை எடுக்க அனுமதி வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. அதை முடிவு செய்யப் போகும் குழு, இந்த நிலையத்தின் அறிக்கைக்காகத்தான் காத்திருந்தது.

எண்பது நண்டுகள். நாற்பதுக்கு ரத்தம் எடுத்தாயிற்று, நாற்பதுக்கு இல்லை. எந்த நண்டுக்கு எடுத்தது என்ற பட்டியல் மேஜை இழுப்பறைக்குள் பூட்டில். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கும். வாரத்துக்கு எட்டு நண்டுகளை ஆழமில்லாத தொட்டியில் மல்லாத்தி வைப்பாள் பாப்பா. மேலே ஒரு கேமரா. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம், ஒன்றரை மணி நேரத்துக்கு. ஆள் நிழல் பட்டால் நண்டு மிரளும் என்று பாப்பா மாடிக்குப் போய்விடுவாள். போகும்போது, “அக்கா, மோட்டார் மட்டும் அப்பப்ப பாத்துக்குங்க. நிழல் விழாம போய்ட்டு வந்துடுங்க” என்பாள்.

நிழல் விழவில்லை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தொட்டியக்கா பூட்ஸைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, பூனை மாதிரி போனாள். மோட்டாரைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். எட்டும் மல்லாந்து கிடந்தன. சில நண்டுகள் வாலை ஊன்றி ஒரே எம்பில் புரண்டுவிட்டன, சமர்த்துகள். சில எம்பி எம்பிப் பார்த்து, முடியாமல், கால்களை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தன. கை துறுதுறுவென்றது. பிள்ளைகள் எப்படிப் புரளுகின்றன என்று பார்க்கிறார்கள், சரி. முடியாததற்கு ஒரு கை கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? அது தப்பு என்று அவளுக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னால் பொய். தெரியாமலிருந்தால் ஏன் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்?

கேமராவில் படம் எடுப்பதற்கு முன் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். படம் எடுக்கும்போது குறுக்கே நிற்பது மரியாதை இல்லை. அவள் விலகி நின்று, அது எடுத்து முடித்த பிறகுதான் தொட்டிக்குள் கை விட்டாள். பத்து வாரமும் அப்படியே.

பத்தாவது வாரம் முடிந்ததும் பாப்பா எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டாள். “அக்கா, நீங்களும் வாங்க. உங்க உழைப்பும் இதுல இருக்கு” என்று கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். திரையில் முதல் பக்கத்திலேயே நன்றி என்று போட்டு, தொட்டியக்காவின் பதிவேட்டுப் பெயர். எல்லோரும் கை தட்டினார்கள். அது யார் பெயர் என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அடுத்த பக்கத்தில் இரண்டு கட்டங்கள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.

“ரத்தம் எடுக்காத நண்டு நேராகறதுக்கு சராசரி இருபத்தாறு நிமிஷம்” என்றாள் பாப்பா. “ரத்தம் எடுத்தது பன்னிரண்டு நிமிஷம். எனக்கே புரியல சார். மூணு தடவ எல்லாப் படத்தையும் பாத்துட்டேன். ரத்தம் எடுத்ததுதான் வேகமா புரளுது.”

எதற்கும் ஆகட்டும் பார்க்கலாம் என்று மட்டுமே சொல்கிற இயக்குநர் அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “அப்ப ரத்தம் எடுத்தா சுறுசுறுப்பு வருதுன்னு சொல்லுங்க! குழு இத எதிர்பாத்தே இருக்காது. ரெண்டு தடவ எடுக்கலாம்னு நாமளே எழுதிடலாமே!”

குட்டைக் கட்டம் யாருடையது என்று தொட்டியக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. அது அவளுடைய கை. எது தவித்ததோ அதைத்தான் புரட்டினாள். தவித்ததெல்லாம் ரத்தம் கொடுத்தது. அவள் காட்டிய இரக்கம் திரையில் ஏறி நின்றுகொண்டு, இன்னொரு தடவை குத்துங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனபோது பஸ் ஓட்டுநரான அவள் கணவன் கூடத்தில் மல்லாந்து கிடந்தார். எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்த முதுகு, தரையில் சாய்ந்துவிட்டால் பிறகு தானாக எழாது. தினமும் அவள்தான் கை கொடுத்து எழுப்புவாள். அன்று அவள் அவரைத் தாண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

“என்னடி, ஆளு கிடக்கறது தெரியலயா?”

“கிடங்க. யாரையும் தூக்கிவிடற மாதிரி இல்ல நான்.”

அவர் படுத்தபடியே கதை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். முதுகு வலித்ததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சொல்லாம விட்டா என்ன ஆகும்?”

“வருஷத்துக்கு ரெண்டு தடவ குத்துவாங்க. ஒரு தடவைக்கே அதுங்க படற பாட்ட நான் கண்ணால பாத்தேங்க.”

“சொன்னா?”

“பாப்பாவோட உழைப்பு மண்ணாப் போகும். என் கையில இருந்து சாவிய வாங்கிடுவாங்க. திரும்பத் துடைப்பம்தான்.”

“சாவி இல்லாட்டி நீ வீட்டுலயும் நிம்மதியா இருக்கமாட்ட” என்றார் அவர். “பொய்ய வெச்சுக்கிட்டும் இருக்கமாட்ட. எனக்குத் தெரியாதா? எப்படியும் நான்தான் மாட்டிக்கிட்டேன். சொல்லிட்டு வந்துடு. இப்ப கையக் குடு.”

மறுநாள் காலையில் பாப்பா மாடி அறையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். தொட்டியக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அந்த அறைக் கதவைச் சாத்தியதே இல்லை. நின்றபடியே, ஒரே மூச்சில், எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஒரு படத்துலகூட நீங்க இல்லையே அக்கா!”

“படம் எடுக்கறப்ப யாராவது குறுக்க நிப்பாங்களா பாப்பா?”

பாப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசியில் அழுகைதான் வென்றது. தொட்டியக்கா பக்கத்தில் போகவில்லை. தூக்கிவிடுகிற உரிமை தனக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பாப்பா கேட்டாள், “எதையெல்லாம் திருப்புனீங்க? ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருக்காதா? எந்தப் பிள்ளைக்கு என்றைக்குக் காய்ச்சல் வந்தது என்று வீட்டில் யாருக்கு மறக்கும்? ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது, அந்த வால் வளைந்த முப்பத்தொன்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். முப்பத்துநாலு எண்கள். பாப்பா மேஜை இழுப்பறையைத் திறந்து பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை பார்த்தாள்.

“இந்த முப்பத்துநாலுல முப்பத்தொரு நண்டு ரத்தம் எடுத்தது” என்றாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்? பட்டியல யாருக்கும் நான் காட்டவே இல்லையே.”

“பட்டியல் எதுக்கு? பாத்தாத் தெரியாதா?”

இயக்குநர் அன்று ஆகட்டும் என்று சொல்லவில்லை. வேறு பல சொன்னார், அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. குழு வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. புதிதாக நாற்பது நண்டு, ஐந்தே நாள், மறுபடி முதலிலிருந்து என்று பாப்பா சொன்னாள். தொட்டியக்கா அந்தக் கூடத்துப் பக்கமே வரக்கூடாது என்று இயக்குநர் சொன்னார்.

“அவங்கதான் சார் நேரம் குறிக்கணும்” என்றாள் பாப்பா. “கேமராவுக்கு எது புரண்டுதுன்னுதான் தெரியும். எது எத்தன தடவ எம்பிப் பாத்துதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.”

“அந்தம்மா கை சும்மா இருக்குமா?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் திருதிருவென்று விழித்தாள். அவளுக்கே அது தெரியாது.

“இருக்கும் சார்” என்றாள் கடைசியில்.

“இனிமே ஒரு நண்ட, ஒரே ஒண்ணத் தொட்டாலும் சாவிய இங்க வெச்சுட்டுப் போயிடணும்” என்றார் இயக்குநர்.

குழு என்ன முடிவு செய்தது என்று கேட்கத் துடிப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவைதான். எடுக்கும் அளவையும் குறைக்கச் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த ஐந்து நாள் இருக்கிறதே, அது தொட்டியக்காவின் ஆயுளில் மிக நீளமான ஐந்து நாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை மறைப்பு, அதில் பார்ப்பதற்கு ஒரு துளை. பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவள். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் பென்சில், மடியில் நோட்டு. பேசவும் கூடாது என்று பாப்பா சொல்லியிருந்தாள். மல்லாந்து கிடக்கும் எட்டு உயிர்களைப் பார்த்துக்கொண்டு, திட்டாமல், தொடாமல், ஒன்றரை மணி நேரம். முதல் நாள் பென்சிலைக் கடித்தே பாதி தின்றுவிட்டாள். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தாள், மூடினால் எண்ண முடியாது. எம்பினால் ஒரு கோடு. மறுபடி எம்பினால் இன்னொரு கோடு. சில எண்களுக்கு நேரே நாலு கோடு, புரண்டாயிற்று. சில எண்களுக்குக் கோடுகள் பக்கம் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போயின. ஒரு நண்டு இருபது தடவை எம்பி, ஓய்ந்து, கால் அசைவதும் நின்று, இனி அவ்வளவுதான் என்று இவள் நினைத்தபோது இருபத்தோராவது தடவை எம்பிற்று. அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கோடு போட்டாள்.

ஐந்தாம் நாள் கடைசிச் சுற்றில் ஏழு நண்டு புரண்டுவிட்டன. மிச்சம் இருந்தது முப்பத்தொன்பதாம் எண், பெரிய பெண் நண்டு. அதற்கு ரத்தம் எடுத்ததா இல்லையா என்று பட்டியல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் தாண்டியும் புரளவில்லை. வால் நுனி தண்ணீருக்குள் தரையைத் தேடுகிறது, ஊன்றுகிறது, உடம்பு பாதி எழும்புகிறது, சரிகிறது. மறுபடி தேடுகிறது.

கடைசி நிமிஷங்களுக்குப் பாப்பாவும் மாடியிலிருந்து வந்து மறைப்புக்குப் பின்னால் மண்டியிட்டுத் துளை வழியாகப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் ஒரு நண்டு புரளுவதைப் படத்தில்தான் அவள் பார்த்திருக்கிறாள், ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக. நடுவில் இருப்பதைப் பார்த்ததில்லை.

எண்பத்தேழாவது நிமிஷம். முப்பத்தொன்பது பாதிக்கு மேல் எழும்பிற்று. பக்கவாட்டில் நின்றது, நின்றது, இதோ புரண்டுவிட்டது என்று தோன்றியது. திரும்பவும் மல்லாந்து விழுந்தது. பாப்பா எழுந்து மறைப்பைச் சுற்றி வந்தாள், தொட்டிக்குள் கையை விட்டாள்.

தொட்டியக்கா பின்னாலேயே வந்து அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள். இருபத்தோரு வருஷம் சட்டி ஓடுகளைத் தூக்கிய பிடி, அசையவில்லை.

“இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, பாப்பா.”

“அக்கா, அதால முடியாது. பாருங்களேன், அதால முடியாது!”

“தெரியும்.” அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. “சாகாது, தண்ணியிலதான் கிடக்குது. இது பட்ட பாடு நோட்டுல ஏறணும். இத இப்ப திருப்பினா, கடல்ல இருக்கறதையெல்லாம் யாரு திருப்புவா?”

மூன்று நிமிஷம் இரண்டு பேரும் அப்படியே குனிந்து நின்றார்கள், ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்தபடி. நண்டு இன்னும் இரண்டு தடவை எம்பியது. ஸ்டாப்வாட்ச் கத்தியது. தொட்டியக்கா நோட்டைத் தொட்டி விளிம்பில் வைத்து, முதலில் இரண்டு கோடு போட்டாள், பிறகு முப்பத்தொன்பதுக்கு நேரே, தன் கோணல் எழுத்தில், புரளவில்லை என்று எழுதி முடித்தாள். அதற்குப் பிறகுதான் பாப்பாவின் கையை விட்டாள்.